ஜே-1 ஆ, எச்-1பி ஆ? தப்பான ஆளிடம் கேட்கப்படும் கேள்வி

அமெரிக்கப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரைகளையும் யூட்யூப் வீடியோக்களையும் ஒரு மாசமாக வரிசையாகப் பார்த்து வருகிறேன். எல்லாம் ஒரே அச்சு. இடப்பக்கம் ஜே-1, வலப்பக்கம் எச்-1பி, கீழே பத்து வரி அட்டவணை. எத்தனை வருஷம் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா, கிரீன் கார்டுக்கு வழி உண்டா. கடைசியில் "உங்கள் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரு ஆசீர்வாதம். ஜவுளிக்கடையில் ரெண்டு புடவையை விரித்துப் போட்டுவிட்டு, எது வேணும்னு கேட்கிற தோரணை.

அட்டவணையில் உள்ள தகவல்கள் பெரும்பாலும் சரிதான். எனக்கு இடிப்பது அந்தக் கடைசி வரி. அமெரிக்கா போகும் ஆசிரியர் விசாவைத் தேர்ந்தெடுப்பதே கிடையாது. அங்கே அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி தேர்ந்தெடுக்கிறது. நம்மவர் கையில் இருப்பது, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது மட்டும். இந்த இடத்தை மறைப்பதால்தான் அட்டவணைகள் ஏமாற்றுகின்றன என்று நினைக்கிறேன்.

இதை நான் நோண்ட ஆரம்பித்தது சும்மா இல்லை. சித்தி பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை, விருதுநகர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். ஒன்பது வருஷ அனுபவம், எம்.எஸ்சி., பி.எட்., மாசம் 22,000 ரூபாய். சென்னையில் ஒரு ஏஜென்சி அவளிடம் ஜே-1 வாய்ப்பு ஒன்றை நீட்டியிருக்கிறது. "அண்ணே, எது நல்லதுண்ணு பாத்துச் சொல்லுங்க" என்று நாலு வீடியோ இணைப்புகளை அனுப்பினாள். அவள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எச்-1பி. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் வந்தது. பட்டப்படிப்பு தேவைப்படும் சிறப்பு வேலைகளுக்கானது. மூணு வருஷம், நீட்டித்தால் மொத்தம் ஆறு. இதில் முக்கியமானது வருஷக் கணக்கு இல்லை. வேலை கொடுப்பவர் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்: அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம், தன்னிடம் அதே வேலை பார்க்கும் மற்றவர்களின் சம்பளம், இரண்டில் எது கூடுதலோ அதைக் கொடுப்பேன் என்று. விசா மனுவுக்கான கட்டணமும் வக்கீல் ஃபீஸும் முதலாளியின் தொழில் செலவு. அதை ஊழியர் கட்டி, அதனால் அவர் கைக்கு வருவது விதித்த சம்பளத்துக்குக் கீழே இறங்கினால், அது சம்பள பாக்கியாகக் கணக்காகும். வேலை போனால் அறுபது நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் வேறு பள்ளி மனுப் போட்டால் அங்கே மாறிக்கொள்ளலாம்.

ஜே-1 பிறந்த வீடு வேறு. 1961ல் வந்த ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம்தான் அதன் அம்மா. நாடுகளுக்கிடையே கல்வி, கலாச்சாரப் பரிமாற்றம் என்பது நோக்கம். நடத்துவது வெளியுறவுத் துறை, தொழிலாளர் துறைக்கு அங்கே வேலையில்லை. வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் நிறுவனம் டிஎஸ்-2019 என்ற படிவத்தைக் கொடுக்கும். அதை வைத்துத்தான் விசா. மூணு வருஷம், மேற்கொண்டு ரெண்டு வருஷம் வரை நீட்டிக்கலாம். பிறகு மறுபடி ஆசிரியராக ஜே-1ல் வர வேண்டுமானால் ரெண்டு வருஷம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். வருஷா வருஷம் தன் நாட்டுப் பண்பாட்டை அமெரிக்க மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும் நிகழ்ச்சி ஒன்றும் நடத்த வேண்டும். பொங்கல் பானைப் படம் காட்டி ஒரு வகுப்பு எடுத்தால் பரிமாற்றம் நடந்ததாகக் கணக்கு. மற்ற நூற்றெழுபது எண்பது நாளும் அல்ஜீப்ராதான்.

இப்போது பள்ளி நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எச்-1பிக்கு வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்குத் தனியாக 20,000 என்று உச்சவரம்பு. பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் விலக்கு இருக்கிறது. பள்ளிகளுக்கு அப்படி நேரடி விலக்கு இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தோடு ஆசிரியர் பயிற்சி ஒப்பந்தம் மாதிரி முறையான தொடர்பு இருந்தால் சில டிஸ்ட்ரிக்ட்டுகள் அந்த வாசல் வழியே நுழைந்துவிடும். மற்றவை சாஃப்ட்வேர் கம்பெனிகளோடு சேர்ந்து மார்ச் மாசம் குலுக்கலில் நிற்க வேண்டும். சீட்டு விழுந்தாலும் வேலை தொடங்குவது அக்டோபர் 1. பள்ளி திறப்பதோ ஆகஸ்ட். கம்பெனி அக்டோபர் வரை காத்திருக்கும், ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடம் காத்திருக்குமா?

ஜே-1க்கு வரம்பு இல்லை, குலுக்கல் இல்லை, ஆகஸ்டிலேயே ஆள் வந்து நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு, அட்டவணைகள் இதை "வரிச் சலுகை" என்று ஆசிரியரின் பக்கம் மட்டும் எழுதும். ஜே-1ல் வரும் ஆசிரியருக்குப் பொதுவாக முதல் ரெண்டு காலண்டர் வருஷங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. ஊழியர் பங்கு 7.65 சதவீதம் மிச்சம், உண்மைதான். ஆனால் முதலாளியும் அதே 7.65 சதவீதம் கட்ட வேண்டியவர், அவருக்கும் மிச்சம். 46,000 டாலர் சம்பளம் என்றால் தலைக்கு வருஷம் 3,519 டாலர். பொது ஆசிரியர்களை சோஷியல் செக்யூரிட்டியில் சேர்க்காத மாநிலங்களில் இந்தக் கணக்கு மாறும். மற்ற இடங்களில், இருபது ஆசிரியரை இறக்கும் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு இது கண்ணில் படாத தொகை இல்லை.

ஆக, காலண்டர், குலுக்கல், செலவு மூன்றும் பள்ளியை ஜே-1 பக்கம் தள்ளுகின்றன. "மூணு வருஷம் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஜே-1 ஏற்றது" என்று வீடியோக்காரர் சொல்கிறார். மூணு வருஷம் போதும் என்று நினைத்தது யார்?

இந்த இடத்தில் லோரா பார்ட்லெட் எழுதி 2014ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட "மைக்ரன்ட் டீச்சர்ஸ்" உதவுகிறது. அவர் தரும் மதிப்பீட்டின்படி 2002க்கும் 2008க்கும் நடுவில் பிலிப்பைன்ஸ், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சுமார் 90,000 ஆசிரியர்கள் அமெரிக்கா போயிருக்கிறார்கள். "எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது" என்ற பெயரில் 2002ல் வந்த சட்டம், தகுதி பெற்ற ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு நிதி நெருக்கடி கொடுத்தது. கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்விக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காத நகர்ப்புறப் பள்ளிகள் வெளிநாட்டைப் பார்த்தன. வந்தவர்களை இடைக்கால ஒட்டு வேலைக்கான ஆட்களாக நடத்தியதால் ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், கற்பித்தல் கெட்டது என்பது பார்ட்லெட்டின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் அவர் கவலை பள்ளியைப் பற்றியது. ஊரில் கடன் வாங்கிப் புறப்பட்டவர் நடுவில் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலிருந்து யாரும் அந்த அளவுக்கு எழுதவில்லை. நம்மிடம் இருப்பது அட்டவணைகள்தான்.

"அப்போ எச்-1பி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்தானே?" என்று கேட்பீர்கள். காகிதத்தில் அதற்குத்தான் பாதுகாப்பு கூடுதல், சந்தேகமில்லை. காகிதத்துக்கு வெளியே நடந்த ரெண்டு கதைகள் இருக்கின்றன.

ஒன்று, மேரிலாந்தில் உள்ள பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டி. வாஷிங்டன் நகருக்கு ஒட்டிய பெரிய பள்ளி மாவட்டம். எச்-1பியில் வந்த ஆசிரியர்கள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள், முதலாளி கட்ட வேண்டிய மனுச் செலவைத் தாங்களே கட்டியிருந்தார்கள். தொழிலாளர் துறை விசாரித்து, இது சம்பள பாக்கி என்று 2011ல் முடிவு செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு மொத்தம் சுமார் 42 லட்சம் டாலர் திருப்பித் தர மாவட்டம் ஒப்புக்கொண்டது. சட்டம் ஜெயித்தது, அருமை. கூடவே இன்னொரு தண்டனை: ரெண்டு வருஷத்துக்கு அந்த மாவட்டம் புது விசா மனுப் போடக்கூடாது, பழையதைப் புதுப்பிக்கவும் கூடாது. அதாவது, பணத்தை இழந்த அதே ஆசிரியர்களின் விசா காலாவதியானபோது புதுப்பிக்க ஆளில்லை. நூற்றுக்கணக்கானவர்களின் வேலை ஆட்டம் கண்டது. கையில் நாலாயிரம் டாலர் பாக்கி, கழுத்தில் விமான டிக்கெட். திருடனைப் பிடித்துக் கொடுத்த வீட்டுக்காரனுக்கு வீடு பூட்டு போட்ட கதை.

ரெண்டாவது, லூசியானா. 2007 தொடங்கி சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் எச்-1பியில் அங்குள்ள பள்ளிகளுக்குப் போனார்கள். ஆள் பிடித்த ஏஜென்சிக்கு ஒவ்வொருவரும் கட்டியது சுமார் 16,000 டாலர். ரெண்டாம் வருஷச் சம்பளத்தில் பத்து சதவீதம் தருவதாகவும் எழுதி வாங்கியிருந்தார்கள். 2010ல் வழக்கு, 2012 டிசம்பரில் ஜூரி தீர்ப்பு, 45 லட்சம் டாலர் இழப்பீடு. எச்-1பியின் சம்பளப் பாதுகாப்பு முழுசாக இருந்த ஆசிரியர்களுக்குத்தான் இது நடந்தது. ஏன்? அந்தப் பாதுகாப்பு முதலாளியைப் பிடிக்கும். மணிலாவிலோ சென்னையிலோ உட்கார்ந்து முன்பணம் வாங்குபவரை அது எட்டிப் பிடிக்க அஞ்சு வருஷம் ஆகிறது.

அட்டவணைகள் மேல் எனக்கு இன்னொரு புகார் உண்டு, இது நம்ம ஆட்களுக்கு ரொம்ப முக்கியம். தமிழில் வரும் வீடியோக்களில் பல, ஆங்கிலத்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டதன் சாயலிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு உண்மையானது நமக்கு ரெண்டு இடத்தில் தலைகீழ்.

"ஜே-1ல் போனால் முடிந்ததும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும், அதுவரை எச்-1பியும் கிடையாது கிரீன் கார்டும் கிடையாது" என்று எல்லா அட்டவணையிலும் இருக்கும். இந்த நிபந்தனை எல்லாருக்கும் பொருந்தாது. அரசுப் பணத்தில் போனவர்களுக்கும், தங்கள் நாட்டுக்குத் தேவையான திறன்கள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலில் வருபவர்களுக்கும்தான் முக்கியமாகப் பொருந்தும். 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். இந்தியாவின் பெயர் எடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் அப்படியே இருக்கிறது. ஆகவே, அரசு நிதியில்லாமல் போகும் இந்திய ஆசிரியருக்கு அந்தப் பூட்டு இப்போது இல்லை. பழைய வீடியோக்கள் இன்னமும் அதைச் சொல்லிப் பயமுறுத்துகின்றன.

எதிர்ப்பக்கம், "எச்-1பி கிரீன் கார்டுக்கு வழி" என்பது. சட்டப்படி சரி. எச்-1பியில் இருந்துகொண்டே நிரந்தரக் குடியுரிமைக்கு மனுப் போடலாம், ஜே-1காரர் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போகிறேன் என்று விசா அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். ஆனால் 2025ல் இந்தியர்களுக்கான வேலைவழி வரிசையில், ஆசிரியர்கள் வழக்கமாக நிற்கும் பிரிவுகளில், 2013 வாக்கில் மனுப் போட்டவர்களின் முறைதான் வந்திருந்தது. பிலிப்பைன்ஸ்காரர்களின் வரிசை இவ்வளவு நீளமில்லை. "ஆறு வருஷத்தில் செட்டில் ஆகிடலாம்" என்று அவர்களைப் பார்த்து நமக்குச் சொல்வது, திருநெல்வேலி பஸ் டைம் டேபிளைப் பார்த்து திருத்தணிக்குக் கிளம்புகிற மாதிரி.

குடும்ப விஷயத்திலும் அட்டவணை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ரெண்டு விசாவிலும் கணவன்/மனைவி, பிள்ளைகள் கூடப் போகலாம் என்று டிக் போட்டிருப்பார்கள். ஜே-2வில் போகும் துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அந்தச் சம்பாத்தியத்தை நம்பித்தான் ஆசிரியர் வாழ்கிறார் என்று இருக்கக் கூடாது, அவ்வளவே. எச்-4ல் போகும் துணைவர், பொதுவாக, கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டும்வரை வேலை பார்க்க முடியாது. தங்கச்சி மாப்பிள்ளை டிப்ளமோ மெக்கானிக்கல், சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் பராமரிப்பு. அவர்கள் வீட்டுக் கணக்கில் இந்த ஒரு வரி மற்ற ஒன்பது வரியை விடப் பெரிசு. "மதிப்பு குறைந்த" விசா என்று சொல்லப்படுகிற ஜே-1தான் இங்கே மேல்.

இதற்கு நடுவில் 2025 செப்டம்பர் 19 அன்று வந்த அதிபர் பிரகடனம். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், செப்டம்பர் 21 முதல் பன்னிரண்டு மாசத்துக்கு. ஆசிரியருக்குக் கொடுக்கும் வருஷச் சம்பளமே அதில் பாதிதான் என்னும்போது, எந்தப் பள்ளி கட்டும்? அடுத்த மாசம் வந்த விளக்கத்தில், ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருப்பவர் வேறு விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறினால் இது பொருந்தாது என்றார்கள். அதாவது விருதுநகரில் இருக்கும் ஒரு ஆசிரியருக்கு எச்-1பி நேர்வழியாக இருப்பது ஏறக்குறைய நின்றுபோய், ஜே-1ல் போய் அங்கிருந்து மாறுவது என்ற சுற்றுவழிதான் மிச்சம். அதையும் ஒரு பள்ளி விரும்பி, குலுக்கலில் நின்று, செய்து தந்தால் உண்டு. அட்டவணையின் வலப்பக்கம் முழுசையும் ஒரு கையெழுத்து அழித்துவிட்டது. நான் பார்த்த வீடியோக்களில் ஒன்று அதற்கு ரெண்டு மாசம் கழித்து வந்தது, அதிலும் "உங்கள் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்"தான்.

சரி, தங்கச்சியின் காகிதத்துக்கு வருவோம். சம்பளம் வருஷம் 46,000 டாலர், தெற்கு மாநிலம் ஒன்றில் "ஒரு பொதுப் பள்ளி". ஏஜென்சி கேட்பது பதினோரு லட்சம் ரூபாய், மூணு தவணையில். முதல் தவணை நேர்காணலுக்கு முன்னாலேயே. அவள் இப்போது வாங்கும் சம்பளத்தில் நாலு வருஷத்துக்கும் மேல். நகையை வைத்தும், சித்தப்பாவின் பெயரில் உள்ள வீட்டை வைத்தும் புரட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஜே-1ஐத் தப்பான விசா என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றைய தேதியில் அவளுக்கு இருப்பதில் அதுதான் நடைமுறைக்கு ஒத்தது. ஆபத்து இருப்பது விசாவும் கடனும் சேருகிற இடத்தில். ஜே-1ல் பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேறு பள்ளி பார்த்துத் தர ஸ்பான்சர் மனசு வைக்க வேண்டும். ஸ்பான்சர் திட்டத்தையே முறித்துவிட்டால் எச்-1பி மாதிரி அறுபது நாள் கிடையாது, உடனே கிளம்ப வேண்டியதுதான். பதினோரு லட்சம் கடனோடு இருக்கும் ஒரு ஆசிரியை, வகுப்பில் நாற்காலி பறந்தாலும், ரெண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினாலும், வாயைத் திறப்பாளா? கடன் இல்லாதவள் திறப்பாள். பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிடுவாள். விசா ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்திய விதிப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இந்த ஏஜென்சியிடம் எண் கேட்டபோது, "நாங்க ரெக்ரூட்மென்ட் இல்லை சார், கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச் கன்சல்டன்சி" என்று பதில் வந்தது. 1961ல் ஃபுல்பிரைட் பெயரில் வைத்த வார்த்தை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து நாலு கேள்வி எழுதி அவள் பெயரிலேயே மெயில் அனுப்பினோம். டிஎஸ்-2019 கொடுக்கப்போகும் ஸ்பான்சர் யார், அவர்கள் பெயர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பட்டியலில் இருக்கிறதா. ஸ்பான்சரின் கட்டணம் எவ்வளவு, பதினோரு லட்சத்தில் மீதி யாருக்கு. தூதரகத்தில் விசா மறுத்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், எத்தனை நாளில். பள்ளியின் பெயர் என்ன.

மூணு நாள் கழித்துப் பதில் வந்தது. ஸ்பான்சர் பெயர் சொல்லியிருந்தார்கள், பட்டியலில் இருக்கிறது. அந்த ஸ்பான்சரின் கட்டணம் கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை. மீதி "டாக்குமென்டேஷன் மற்றும் வழிகாட்டல்". விசா மறுத்தால் முதல் தவணை திரும்பாது. பள்ளியின் பெயரை ரெண்டாம் தவணை கட்டிய பிறகு சொல்வார்களாம்.

அவள் அந்த ஸ்பான்சருக்கே நேரடியாக எழுதிக் கேட்டிருக்கிறாள், இடையில் ஆள் இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா என்று. நகை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.